பிந்திய முழுக்கு

எண்பதுகளின் கடைசியில், அகதியாய் வந்த புதிதில், ஆர்ச்வேயில் ஓர் ஒற்றை அறையில் நானும் மனைவியும் இருந்தோம். என் தம்பியை ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் உயிரோடு இருக்கிறானா என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, மேடேறி முருகன் கோயிலுக்குப் போய், அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பேன். குளிர்காலத்தில் மனைவி கொஞ்ச நாள் வரவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மீனும் சமைக்கவில்லை. ஒரு மாதமாய்ப் பருப்பும் கத்தரிக்காயுமா என்று நான் எரிந்து விழுந்தேன்.

அந்த வசந்தத்தில் ஆங்கில வகுப்பு ஆசிரியை எங்களை ஓர் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரிய படத்தின் முன் நிறுத்தி, என்ன தெரிகிறதென்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்ததாம். ஆற்றங்கரையில் ஆறேழு பேர் உடுப்பில்லாமல் குளிக்கிறார்கள். செம்மஞ்சள் உடம்புகள், கரும்பச்சைத் தண்ணீர், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூச்சு. மற்றவர்கள் விடுமுறை, பிக்னிக் என்றார்கள். என் முறை வந்தது. செத்தவீட்டுக்குப் போய்வந்து முழுகுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆசிரியை சிரித்துவிட்டு, இது சந்தோஷமான படம் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இதில் எங்கே சந்தோஷம்? சாவுச் செய்தி காதில் விழுந்தாலே தலையில் தண்ணீர் வார்க்கிற ஊரில் பிறந்தவன் நான். அந்த முழுக்கு எனக்குத் தெரியாதா?

படத்தின் ஓரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி ஈரத் தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. தை மாதக் குளிரில், ஒரு புதன்கிழமை, நான் வேலையால் வந்தபோது மனைவி ஹீட்டருக்கு முன் இப்படித்தான் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் வழக்கமாக முழுகுவது வெள்ளியில்.  யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

"தை மாதம் ஒரு புதன்கிழமை ஏன் முழுகினனீர்?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். மெத்தைக்கு அடியிலிருந்து, ஊரிலிருந்து வந்த என் அம்மாவின் கடிதத்தை எடுத்துத் தந்தாள். தம்பியின் உடம்பைக்கூடத் தரவில்லையாம்.

"உங்கட அகதிக் கேஸ் இன்டர்வியூ முடியட்டும் எண்டு பாத்தன். பிறகு சொல்ல வாய் வரேல்லை."

முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கை, அந்தத் தீட்டை, அவள் தனியே காத்து முடித்திருக்கிறாள். கோயில் இல்லை, மீன் இல்லை. அந்த நாளெல்லாம் நான் செத்துப்போனவனுக்கு நீண்ட ஆயுசு கேட்டுக்கொண்டிருந்தேன். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு வரவில்லை.

நாள் கடந்து கேட்பவனுக்கு எங்கள் வழக்கத்தில் துடக்கு இல்லை, ஒரு முழுக்கு மட்டும்தான். எல்லா அறைக்காரருக்கும் பொதுவான குளியலறையில், தொட்டிக்குள் குந்தியிருந்தேன். அவள் வாளியால் தலையில் வார்த்தாள். வெளியே யாரோ அவசரத்தில் கதவைத் தட்டினார்கள். தம்பிக்கென்று நான் செய்ய மிஞ்சியிருந்தது அவ்வளவுதான், அதுவும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.