ஆரோக்கியம் மாமாவின் ஹங்கேரிக் காசு

பொதுமக்கள் கவனத்திற்கு: ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் கேட்டருகே பைக் சீட்டின் மேல் நடந்துவந்த வெளிநாட்டுக் காசுக் கண்காட்சி இந்த வாரம் முதல் நடைபெறாது. பைக் இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது. ஆரோக்கியம் மாமாதான் இல்லை.

செவ்வாய்க்கிழமை டியூஷனில் இருந்தபோது அப்பா போன் செய்தார். "மாமா போயிட்டாருடா. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." பேர்தான் ஆரோக்கியம் என்று வாய்வரை வந்தது, நல்லவேளை, வெளியே வரவில்லை. கை மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. மாமாவின் காசு அங்கேதான் இருந்தது.

அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஹங்கேரியில் படிக்கும் அவருடைய அக்கா மகள் கொண்டுவந்தது. அந்நாட்டு எழுத்தாளர், சீர்திருத்தவாதி ஒருவரின் நினைவாக வெளியிட்ட வெள்ளிக் காசு. பெயரை வாசிக்க நம்மில் யாராலும் முடியாததால் காசில் இருந்தவர் 'ஹங்கேரி ஐயா' ஆனார்.

"எழுதுனா மட்டும் பத்தாதுடா. நாலு பேருக்கு நல்லது செஞ்சாதான் காசுல மூஞ்சி போடுவாங்க" என்பார் மாமா.

"நம்மூர்ல காதுகுத்துக்கே பேனர்ல மூஞ்சி போடுறாங்களே மாமா."

"அது மழ வந்தா கிழியும். இது கிழியுமா? போடா வாயாடி."

இரண்டு மாதங்களுக்கு முன், ஸ்கூல் புராஜெக்ட் என்று பொய் சொல்லி ஆல்பத்தை ஒரு வாரம் வாங்கினேன். காசை பிளாஸ்டரில் அச்செடுத்து, களிமண்ணை அழுத்தி, மாமா வேலை பார்த்த மண்பொம்மைக் கம்பெனியில் அவர் சூளைக்கு அடுக்கிய தட்டிலேயே செருகினேன். அவர் கையாலேயே வெந்து வந்தது. கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயின்ட்டைப் பூசி, அசலை எடுத்துக்கொண்டு அதை ஆல்பத்தில் வைத்துக் கொடுத்தேன். மாமா வாராவாரம் அதையே காட்டினார். "சூளையிலயே கெடக்குறவரையே ஏமாத்திட்டேன்" என்று உங்களில் பலரிடம் பீற்றினேன். கிறிஸ்துமஸ் அன்று அசலைக் கொடுத்து அவர் முகத்தைப் பார்ப்பதாகத் திட்டம்.

சாவு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், போட்ட நாற்காலியையே மறுபடியும் நகர்த்தினேன். அடக்கம் முடிவதற்குள் அசலை ஆல்பத்தில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நான் திருடன். எல்லோரும் ஜெபத்துக்கு எழுந்தபோது அலமாரி மேலிருந்த ஆல்பத்தைத் திறந்து மண் காசை உருவினேன். கூடவே ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. மாமாவின் கையெழுத்து: "மண்ணு சுட்டா சுருங்கும்னு தெரியாத பய செஞ்சது. அசல் அவன்கிட்ட இருக்குது. கேக்க வேணாம்."

பின்னால் அத்தை நின்றிருந்தார்கள். "மொத நாளே காட்டுனாரு தம்பி. எவ்ளோ சின்னதா போச்சு பாருன்னு ஒரே சிரிப்பு. நீயே வந்து சொல்லுவன்னு இருந்தாரு."

அசலை வாங்கிக்கொண்டு மண் காசை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். மாமாவின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.

ஆகவே, நான் பீற்றியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். பொம்மை செய்யும் ஊரில் பிறந்தும் மண் சுருங்கும் என்பதை மறந்தவன் நான். ஒவ்வொரு ஞாயிறும் மாமா ஆல்பத்தை என் பக்கம் திருப்பி, "ஏதாச்சும் சொல்லணுமாடா?" என்று கேட்டார்.

"சூப்பர் மாமா" என்றேன்.