மோட்டார் ஓடவில்லை

ஜங்லிகாட் சந்தைக்குப் பின்னால் இறங்கும் சந்தில் நீலாவதி மாவு மில் வைத்திருந்தாள். கீழே மில், மேலே வீடு. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது 'சக்கி'. வங்காளிகள் கோதுமை கொண்டுவருவார்கள், தெலுங்குக்காரர்கள் மிளகாய் கொண்டுவருவார்கள், நம் ஆட்கள் அரிசியும் மல்லியும். எல்லாரிடமும் அவள் பாதி இந்தி, பாதி தமிழ் கலந்து பேசிச் சமாளித்துவிடுவாள். கல்யாணமான கையோடு ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவள். கணவர் ராஜமாணிக்கம் கட்டட காண்டிராக்டரிடம் மேஸ்திரியாகப் போனதால் மில் இவள் பொறுப்பாயிற்று. வருஷக்கணக்காக மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவளுடைய சாதாரணக் குரலே கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடியில் படுத்தாள். மில்லுக்கு விடுமுறை. கண்ணை மூடினால் கீழே மோட்டார் ஓடுகிற சத்தம்.

"என்னங்க, மோட்டாரை ஆஃப் பண்ணலையா?"

"எந்த மோட்டாரு?" என்றார் ராஜமாணிக்கம்.

அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று அவளே இறங்கிப் போய் ஷட்டரைத் தூக்கினாள். பெல்ட் அசையாமல் இருந்தது. மாவு விழும் துணிப்பை தொங்கிக் கிடந்தது. மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. மெல்லிசாக, ஒரே சீராக, 'ங்ஙீ' என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாராக இருக்க வேண்டும். அடுத்த வீட்டு வங்காளி அக்கா மண்டல் தீதியிடம் போய், "தீதி, ஆப்கா மோட்டார் சல் ரஹா ஹை க்யா?" என்று, மோட்டார் ஓடுகிறதா எனக் கேட்டாள். காலையிலேயே தொட்டி நிரம்பிவிட்டது என்று சொல்லி அந்த அம்மாள் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மோட்டாரின் மேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது.

அடுத்து ஃப்ரிட்ஜின் மேல் சந்தேகம் வந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு சந்து முனையிலிருந்த டிரான்ஸ்ஃபார்மர். புகார் சொன்னதில் கரண்ட் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில நாள் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியையும் ராஜமாணிக்கம் கெடுத்தார். தெருவிலேயே கரண்ட் போன ஒரு நாளில், "இப்ப கேக்குதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது. முன்னைவிட நன்றாகவே கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, நீலா."

"உங்களுக்கு எதுதான் கேக்குது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கான்கிரீட் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்கு இடது காது மந்தம். அவர் கேட்கவில்லை என்று சொல்வதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது? மில்லுக்கு வருகிறவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, "ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்பாள். பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். வேலாயி மட்டும் காதைச் சாய்த்து நின்று, "ஆமாங்க அக்கா, லேசா கேக்குதுதான்" என்றாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண் அவள். மாதம் தவறாமல் மிளகாய் அரைக்க வருகிறவள். பொய் பேசிப் பழக்கமில்லாதவள்.

அது போதுமானதாக இருந்தது. சத்தம் வெளியில் எங்கோ இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. தலையணையைக் காதில் அழுத்தினால் சத்தம் கூடியது. அழுத்தினால் குறைய வேண்டியது எதனால் கூடுகிறது என்பதும் புரியவில்லை. தூக்கம் துண்டு துண்டாகப் போயிற்று. பகலில் கண் எரிந்தது. ஒரு நாள் ஒருவருடைய மல்லியை இன்னொருவருடைய கோதுமையின் மேல் கொட்டிவிட்டாள். ஆள் கத்தின பிறகுதான் தான் என்ன செய்தோம் என்றே தெரிந்தது.

"இந்த வீடு நமக்கு ஆகாது. நாம வேற எங்கயாச்சும் போயிடலாம்ங்க" என்றாள் அன்றைக்கு.

ராஜமாணிக்கம் சரியென்றார். சிப்பிகாட்டில் ஒரு பாக்குத் தோப்பை ஒட்டி வாடகைக்கு ஒரு வீடு பார்த்தார். சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், விளக்கு போட்டபோது தோப்பு அடங்கிப்போயிருந்தது. பக்கத்தில் வீடு இல்லை, பம்பு இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை.

"எவ்வளவு அமைதி பாரு" என்றார் ராஜமாணிக்கம்.

நீலாவதி வாசலில் நின்றாள். ஜங்லிகாட்டில் ஆட்டோ ஹாரனுக்கும் சந்தைக் கூச்சலுக்கும் நடுவே ஒதுங்கிக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இங்கே தோப்பு முழுக்க நிறைந்து நின்றது. மில் அங்கே இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் ஓடுவது எது? பிடிவாதம் பிடித்து வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தாயிற்று. இப்போது போய் என்ன சொல்வது?

"ஆமாங்க. இங்க நல்லாருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூளை பிசகிப்போயிற்றோ என்ற பயம் உள்ளே இருந்தது. மெயின்லேண்டில் அவளுடைய சித்தி ஒருத்தி, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு வாசல் போய் நின்றவள். இதுவும் அதுதானோ? ஆனால் தன்னை யாரும் கூப்பிடவில்லையே, வெறும் மோட்டார்தானே? மோட்டார் சத்தத்துக்குப் பைத்தியம் என்று பெயர் உண்டா? யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தினமும் பஸ் ஏறி மில்லுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர் மில்லுக்குள் எட்டிப் பார்த்தார். மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அரைப்பதற்கு ஒன்றும் இல்லை. கோதுமை மூட்டைகளின் மேல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நீலாவதி தூங்கிக்கொண்டிருந்தாள். பல மாதங்களாக அவர் பார்க்காத தூக்கம். பயந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். நிறுத்தியதும் அவள் விழித்துவிட்டாள்.

"சத்தம் ஆகலன்னு அவ்வளவு தூரம் குடி போனோம். இங்க வந்து இத ஓட விட்டுட்டு தூங்குற?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது ஓடுறப்ப அது கேக்கலங்க."

"எது?"

"சிப்பிகாட்லயும் கேக்குதுங்க. முத நாள்லேர்ந்தே."

ராஜமாணிக்கம் மூட்டை மேல் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளுடைய காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள்ளே ஏதாவது தெரியுமோ என்பதுபோல.

அந்த வாரம் வேலாயி வந்தபோது நீலாவதி நேராகவே கேட்டாள். "நீ அன்னைக்குக் கேக்குதுன்னியே, நிஜமாவே கேட்டுச்சா?"

வேலாயி மிளகாய்ப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். "நீங்க கேட்ட விதத்தப் பாத்துட்டு இல்லன்னு சொல்ல மனசு வரலங்க அக்கா. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். கேட்ட மாதிரியும்தான் இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கேட்கும் திறனைச் சோதிக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே ஷோபனா என்ற பெண் நீலாவதியை ஒரு சின்ன கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். கதவு மூடியதும் உள்ளே இருந்த சத்தம் பொங்கி எழுந்தது. நீலாவதி பொத்தானை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஷோபனா கதவைத் திறந்தாள். "அம்மா, நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பலையே."

"எது நீங்க அனுப்புறது, எது எனக்கு வர்றதுன்னு எப்படிம்மா தெரியும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரி. விட்டு விட்டு அனுப்புறேன். நிக்காம ஓடுறது உங்களோடது. விட்டு விட்டு வர்றது என்னோடது."

அப்படித்தான் சோதனை முடிந்தது. மில் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்ததால் மெல்லிய ஒலிகளைப் பிடிக்கிற நரம்பு தேய்ந்திருக்கிறது, இல்லாத ஒலியை மூளை தானே போட்டுக்கொள்கிறது என்றார் டாக்டர். காது இரைச்சல், பைத்தியம் இல்லை. மாத்திரை போட்டால் நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. மில்லில் காதுக்கு உறை போட்டே ஆக வேண்டும். தூங்கும்போது மட்டும் ஏதாவது சின்னச் சத்தம் பக்கத்தில் இருக்கட்டும்.

நீலாவதிக்கு இது கொஞ்சமும் பிடிபடவில்லை. "மில் சத்தத்துலதான் டாக்டர் இது அடங்குது. அதுக்குப் போய் உறை போடச் சொல்றீங்க. சத்தம் வேணாம்னு ஓடுன வீட்டுல சத்தம் வைக்கச் சொல்றீங்க."

"பெரிய சத்தம் காதைக் கெடுக்கும்மா. சின்னச் சத்தம் காதுக்குத் துணை" என்றார் டாக்டர்.

இரண்டுக்கும் எல்லை எங்கே என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஃபேன் போட்டுப் பார்த்தாள், பற்றவில்லை. ரேடியோவில் பேசினால் பேச்சைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறாள். ராஜமாணிக்கம் எங்கிருந்தோ ஒரு பழைய கண்ணாடி மீன் தொட்டி கொண்டுவந்தார். காற்று விடுகிற சின்ன மோட்டாரைப் போட்டதும் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக ஓசை எழுந்தது. அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். காலையில் அவளுக்கு முன்பே எழுந்துவிட்ட ராஜமாணிக்கம், டீ போட்டுவிட்டும் எழுப்பவில்லை. வாங்கி விட்ட மீன்கள் மூன்றாம் நாளே மிதந்தன. வேறு மீன் வாங்க இருவருக்கும் தோன்றவில்லை. வருகிறவர்கள் வெறும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, மீன் எங்கே என்று கேட்கிறார்கள். "தண்ணிக்காகத்தான் வெச்சிருக்கோம்" என்கிறாள். கேட்டவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

இப்போதும் சில நாள் தூங்குகிறாள், சில நாள் இல்லை. மில்லில் காது உறை போட்டுக்கொள்கிறாள். யார் என்ன சொன்னாலும் உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குக் கேட்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம். படுத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. தொட்டியின் குமிழிகள் நின்றன. அந்த இரைச்சல் மட்டும் பாக்கி இருந்தது. எழுந்து பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து காது கொடுத்தாள். முன்பெல்லாம் சந்தேகமே இல்லாமல் மோட்டார்தான். அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. சில்வண்டு போலவும் இருந்தது, தூரத்தில் கப்பல் எஞ்சின் போலவும் இருந்தது. ஒருவேளை தோப்பில் நிஜமாகவே வண்டு கத்துகிறதா? காதைப் பொத்தினாள், திறந்தாள். தீர்மானிக்க முடியவில்லை. உள்ளே போய் முருங்கைக் கீரையை எடுத்துவந்து, கரண்ட் வருகிறவரை உருவிக்கொண்டிருந்தாள்.