வெயிலில் வைத்த சம்புடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், பள்ளிக்கூட வயதில், விஷ ஜுரம் வந்து பிழைத்தவள் நான். ஜுரம் விட்டதும் டாக்டர், “சூடான ஆகாரமாக் கொடுங்கோ” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து என்னைத் திருச்சி ஹைஸ்கூலுக்கு அனுப்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். “மத்தியானம் ஆறின சாதம் சாப்பிடறேன்னு தெரிஞ்சா அன்னிக்கே ஸ்கூலை நிறுத்திடுவேன். படிப்பைவிட உயிர் பெரிசு.”

எனக்குப் படிப்புதான் உயிர். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அம்மா விடிகாலையிலேயே அடுப்பு மூட்டுவாள். வடித்த சாதத்தில் நெய்யும் கொதிக்கிற ரசமும் விட்டுக் கரைத்து, எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு, மூடியை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அமுக்கு அமுக்குவாள். மேலே பழைய துண்டைச் சுற்றுவாள். “யார் கையும் படாமப் பார்த்துக்கோ” என்பாள். சமைத்த சாதத்தை வேற்று மனிதர் தொட்டுவிட்டால் எங்கள் வீட்டில் அதை வாயில் வைக்க மாட்டார்கள்.

முதல் நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூடியை இழுத்தேன். அசையவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். சூட்டோடு அடைத்தது ஆற ஆற, உள்ளே காற்று சுருங்கி மூடியைப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் பின்னால் பௌதிகம் படித்தபோது தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது பசி மட்டும்தான். யாரிடமாவது கொடுத்துத் திறக்கலாம் என்றால் தொடக்கூடாது. வீட்டில் சொல்லலாம் என்றால் ஸ்கூல் போய்விடும். சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போன சமயம் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து, சில்லிட்ட சாதத்தைக் கிணற்றடியில் நின்றபடியே விழுங்கினேன். எதைச் சாப்பிடக்கூடாது என்று அப்பா சொன்னாரோ அதையேதான் சாப்பிட்டேன்! அந்த வாரம் முழுக்க இதே கூத்து.

என் பெஞ்சில் பொன்மலைப் பெண் ஒருத்தி உட்காருவாள். அவள் அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. இவளுக்கு வாய் காது வரை.

“ஏன்டி, தினம் சாப்பாட்டை மடியில வச்சுத் தாலாட்டுறே? கொடு, நான் திறக்கிறேன்.”

“வேண்டாம். யாரும் தொடக்கூடாது.”

சொன்ன பிறகு எனக்கே கூசியது. அவள் முகம் ஒரு கணம் சுண்டிப்போயிற்று. அப்புறம் சிரித்துவிட்டாள்.

“சரி, நான் தொடல. சூரியன் தொட்டா தப்பில்லையே?”

ஸ்கூல் கிணற்றடியில் அகலமான கருங்கல் ஒன்று கிடந்தது. திருச்சி வெயிலில் அதன்மேல் அப்பளம் பொரிக்கலாம். அவள் அம்மாவும் இப்படித்தான் அமுக்கி மூடுவாளாம். அதனால் தன் டிபன் பாக்ஸை அவள் காலை இடைவேளையிலேயே அங்கே வைத்துவிடுவாள். மறுநாள் நானும் வைத்தேன். மத்தியானம் துண்டால் பிடித்து இழுத்ததும் மூடி டப்பென்று வந்துவிட்டது. சாதம் இதமாகச் சுட்டது. எனக்கு அழுகையே வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? கல்லில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. தயிர்சாதத்தை வைத்த ஒருத்தி மட்டும் புளிப்பில் முகம் கோணிப்போய் மறுபடி நிழலுக்குத் திரும்பினாள்.

ஒரு மத்தியானம் அப்பா ஆபீஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். “எங்கே உன் சாப்பாடு?”

கையைக் காட்டினேன். கல்லின்மேல் டப்பாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. என் சம்புடம் பொன்மலைக்காரியின் மீன்குழம்பு டப்பாவின்மேல் சாய்ந்திருந்தது. வாசனை ஊரைக் கூட்டியது. தொலைந்தது என் படிப்பு என்றே நினைத்தேன்.

அப்பா குனிந்து சம்புடத்தை எடுத்தார். “ஸ்ஸ்!” என்று விரலை உதறினார். “இது யாரோட யோசனை?”

“நான்தாங்க சொன்னேன். ஆனா நான் தொடவே இல்லைங்க” என்றாள் அவள்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். “நன்னா யோசிச்சிருக்கேம்மா. போ, நீயும் ஆறறதுக்குள்ள சாப்பிடு” என்றார்.

“சூடா இருந்துதா?” என்று சாயங்காலம் அம்மா கேட்டதற்கு அப்பா சிவந்த விரலைக் காட்டினார். “படிக்கட்டும்” என்றார். மீன்குழம்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை என்னைப் பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். படியில் கால் வைத்தபோது அம்மாவுக்குத் தெரியாத ரகசியம்போலக் குனிந்து சொன்னார்:

“மழை நாள்ல கல்லு சுடாது. அப்போ அவகிட்டக் கொடுத்துத் திறந்து வாங்கிக்கோ.”