மாப்பிள்ளை போட்ட சாட்சி

ராமையாவுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குக் குடல் ஆப்பரேஷன். பன்னிரண்டரைக்கு அவர் மகள் தேவகி வார்டு வாசலில் உயிலை என்னிடம் நீட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாருங்க அங்கிள்."

குளுவாங்கில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் அப்போது தலைமை கிளார்க். அந்த உயிலை டைப் செய்தது நான்தான். சிம்பாங் ரெங்கம் வீடு மகளுக்கு. சேமிப்பு மகளுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் சமமாக. ராமையா மூட்டுவலிக்காரர் என்பதால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பதினெட்டு வயதுக்கு மேல் இரண்டு சாட்சி வேண்டும் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் முதல் சாட்சி கணேசன். தேவகியின் கணவர்.

வீட்டில் மரியாதைக்குரிய ஆள் மாப்பிள்ளைதானே. வெற்றிலைத் தட்டில் பேனாவை வைத்துக் கொடுத்தார்களாம்.

உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கும், அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் அந்த உயிலால் எதுவும் கிடைக்காது. தேவகிக்கு எழுதிய வீடு அவளுக்கு இல்லை. மூன்றாகப் பிரியும். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். பெரிய அண்ணனோ போன வாரமே வீட்டு விலையை விசாரித்துவிட்டார்.

எனக்குத் தெரியாத விதியில்லை. சொல்லத் தோன்றாத விதி. ஆப்பரேஷனில் அவருக்கு ஏதாவது நடந்தால் பழி என்மேல்தான்.

ஆபீசுக்கு ஓடிப் புதிதாக அச்செடுத்துத் திரும்பியபோது மணி ஒன்று பத்து. மயக்க மருந்து கொடுத்துவிட்டால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நர்ஸ்கள் தாங்கள் சாட்சி போடக்கூடாது என்று மறுத்தார்கள். அது அவர்கள் விதி. நான் ஒருவன். இன்னொருவர்? பக்கத்துக் கட்டிலில் தம்பியைப் பார்க்க வந்திருந்த மலாய்க்காரர், "போலே, போலே" என்று சம்மதித்து, அடையாள அட்டையான ஐசியை எடுத்து நீட்டினார்.

மகளையும் மருமகனையும் வெளியே நிற்கச் சொன்னேன். கணேசன் முறைத்தார்.

"நான் என்ன திருடனா அங்கிள்?"

"இல்ல தம்பி. மாப்பிள்ள. அதான் பிரச்சினை."

பிறகு ராமையாவிடம் கேட்டேன். "வீடு யாருக்கு?"

"எம் மவளுக்கு. எத்தன தடவ கேப்பீங்க?"

புது உயிலில் கையெழுத்துப் போட்டார். அவர் கண் முன்னாலேயே நாங்கள் இருவரும் போட்டோம். ட்ராலி வந்துவிட்டது. அப்போதுதான் ராமையா வாசல் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ள, அங்க ஏன் நிக்கிறீங்க? வாங்க, நீங்களும் ஒன்னு போடுங்க. நீங்க இல்லாம எப்படி?"

கணேசனின் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

நான் உயிலை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். ட்ராலி லிப்டுக்குள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

ராமையா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்தும் வைத்தார். கணேசன் மட்டும் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் உயில் பற்றிக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். யார் யார் சாட்சி போடக்கூடாது என்பதைத்தான் முதலில் எழுதிக் கொடுக்கிறேன். மாப்பிள்ளை மரியாதையைப் பந்தியில் காட்டுங்கள். சாட்சிக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவரைக் கூப்பிடுங்கள்.