மூணு பேப்பர் பாக்கி

நான் பி.ஏ. வரலாறு பாஸ் செய்தபோது அய்யா எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு பிளக்ஸ் வைத்தார். எங்கள் பக்கம் காதுகுத்துக்கு வைப்பார்கள், சடங்குக்கு வைப்பார்கள், கட்சிக்காரர் பிறந்தநாளுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வைப்பார்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிற ஒருவர், மகள் பரீட்சையில் தேறியதற்கு வைத்தது அதுதான் முதல் தடவை. ஸ்டுடியோக்காரர் என் முகத்தை மாவு பூசியதுபோல வெளுப்பாக்கி, பின்னால் ஒரு அருவியையும் கொட்டவிட்டிருந்தார். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருக்கிற ஊர் அது. எனக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. அய்யா மட்டும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் சைக்கிளை நிறுத்தி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் தினமும் படித்தார்.

என் படிப்புக்குப் பெரிதாகச் செலவில்லை. அரசுக் கலைக் கல்லூரி. ஒரு வருடத்துக் கட்டணம் தீபாவளிக்கு எடுக்கிற சேலை விலைக்குள் அடங்கிவிடும். பஸ்ஸுக்குப் பாஸ், மதியத்துக்குத் தூக்குவாளியில் சோறு. அந்தப் படிப்பு எனக்கு வாங்கித் தந்தது ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நிற்கிற வேலை. கடைப் பெண்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஸ்டூல் வந்தது. அதில் உட்காரும் தைரியம்தான் யாருக்கும் வரவில்லை. அந்த வேலைக்கு பிளஸ் டூவே போதும். நான் குரூப் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பட்டம் வேண்டும். என் பி.ஏ.வுக்கு இருந்த ஒரே உபயோகம் அதுதான்.

தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அதனாலேயே என்னை உள்ளூர் அரசுப் பள்ளியில் விட்டுவிட்டு, அவளை மட்டும் டவுனில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே வாத்தியார்கள் ஒழுங்காக வருவார்களாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் தனி ஒதுக்கீடு, கட்டணத்தை அரசே கட்டும் என்று பிறகு வந்தது. உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு அது கிடையாது. வாத்தியாரே வராத எங்கள் ஊர்ப் பள்ளியில் குந்தியிருந்தாலும் அவளுக்கு எல்லாம் இலவசமாகியிருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சரி, முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறதே என்றார்கள். குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால், தொழிற்படிப்புக்குப் போகிற முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பெரும் பங்கு குறையும். அதற்குத் தாசில்தார் சான்று வேண்டும். கவுன்சிலிங்கில் அவளுக்கு மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் போலிருந்தது. எனக்கு வார லீவு கிடைத்த அன்று அய்யா, நான், அவள் மூவருமாக இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள்.

"வீட்டுல வேற யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காகளாய்யா?"

அய்யாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "முடிச்சிருக்காளே! இந்தா நிக்கிறாள்ல, என் மூத்த மக. பி.ஏ.!"

அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப இந்தச் சான்று கிடைக்காதுய்யா. ஒங்க வீட்டுக்கு முதல் பட்டதாரி இந்த அக்காதானே."

"அவளுக்குத்தான் சர்க்காரு எந்தச் சலுகையும் குடுக்கலையே தாயி. அவ வாங்காததை இவளுக்குக் குடுக்கட்டும்."

"அப்பிடியெல்லாம் மாத்திக்கிற மாதிரி இல்லைய்யா."

அய்யா கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சேலை விலையில் நான் படித்த படிப்பு, ஒரு பொறியியல் படிப்பின் சலுகையைத் தின்றுவிட்டது.  தங்கை வரும் வழி முழுக்க பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ராமநாதபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். எல்லா ஆபீஸ் வாசலிலும் காத்துக் கிடந்து பழகியதால் ஆபீஸ் காரியங்கள் அத்தனையும் தமக்கு அத்துப்படி என்று நினைப்பு.

"இதெல்லாம் ஒரு விசயமா மச்சான்? இவ காலேசுக்குப் போனா, முடிக்கலை. மூணு பேப்பர் பாக்கி. அம்புட்டுத்தான். வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தா அதைச் சொல்லுவோம்."

"நான் குரூப் டூ எழுதுறேன் மாமா. நாளைக்குப் பாஸாகி டிகிரி சர்டிபிகேட்டக் கேட்டா?"

"ஆகுறப்ப பாத்துக்கிறலாம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தைதானத்தா. சொன்னா வாயில இருக்க முத்தா உதிந்துரும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருடம் நின்றுகொண்டே பஸ்ஸில் போய்ப் படித்ததை, ஆட்டோவை வாசலில் அணைக்காமலே வந்து மாமா அழித்துவிட்டுப் போகிறாரே என்றிருந்தது. தங்கை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். அய்யா யாரையுமே பார்க்கவில்லை. நான் சரி என்றேன்.

மாமா வேறொரு இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். பிறகு தெருவைத் தயார் செய்தார்கள். என் பிளக்ஸ் அதற்குள் பக்கத்து வீட்டில் குளியல் மறைப்பாக மாறியிருந்தது. அம்மா போய்ச் சொல்ல, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அதைத் திருப்பிக் கட்டினார்கள். அருவி உள்ளே போய்விட்டது. குளிக்கிறவர்களுக்காவது அது பிரயோஜனப்பட்டிருக்கும். ஊரில் ஒருத்தரும் மறுக்கவில்லை. ஒரு பிள்ளை இன்ஜினியர் ஆவதற்காக இன்னொரு பிள்ளை பெயில் ஆவது அவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது. குழாயடியில் ஒருத்தி என் தோளைத் தட்டி, "விடு புள்ளை, அடுத்த தடவை எழுதிக்கிறலாம்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வி.ஏ.ஓ. பைக்கில் வந்தார். நல்ல மனிதர், யாரிடமும் எரிந்து விழாதவர். பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருமானம், நிலம் எல்லாம் கேட்டார். வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மூத்த பெண் கல்லூரிக்குப் போனதாகச் சொன்னார்களே என்றார்.

"போச்சு சார். முடிக்கலை" என்றார் மாமா.

அவர் என் பக்கம் திரும்பினார். "எத்தனை பேப்பர்மா பாக்கி?"

"மூணு சார்."

"என்னென்ன பேப்பர்?"

அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. வாயில் முதலில் வந்தது தமிழக வரலாறு. நான் வகுப்பிலேயே கூடுதலாக மார்க் வாங்கிய பாடம் அது.

"தமிழக வரலாத்துலயே போயிட்டியாம்மா? கதை மாதிரி இருக்குமே அது!" என்று அவர் சிரித்தார். குத்தலாக அல்ல, சாதாரணமாகத்தான். அவர் சிரித்ததால் மாமாவும் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். காரியம் ஆக வேண்டுமே என்று நானும் பல்லைக் காட்டினேன்.

"அவ போகலை சார்."

கதவோரம் நின்ற அய்யாதான் சொன்னார்.

"எல்லாத்துலயும் பாசு. ஒரு பேப்பர்லகூட அவ போனதில்லை."

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். அய்யாவைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அண்ணே, நான் முக்குக் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். வந்து மொதல்ல இருந்து கேக்குறேன். யோசிச்சு வைங்க" என்று எழுந்து போனார். ஒரு அரசாங்க ஊழியர் எங்களுக்குச் செய்த ஆகப் பெரிய உபகாரம் அது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா வாய்க்கு வந்தபடி ஏசினார். நானும் கெஞ்சினேன். "நானே சொல்லிக்கிறேன்யா. நீங்க சும்மா மட்டும் இருங்க."

"எல்லாரும் சிரிச்சீகள்ல" என்றார் அய்யா.

தங்கை, "அய்யா" என்று மட்டும் கூப்பிட்டாள்.  அவர் அவளைப் பார்த்தார். உப்பின் வெளிச்சத்தில் கூசிக் கூசிப் பழுத்துப்போன கண்கள் அவருக்கு. அழுகிறாரா இல்லையா என்று எப்போதுமே கண்டுபிடிக்க முடியாது. வி.ஏ.ஓ. திரும்பி வந்து உட்கார்ந்து, முன்பு கேட்டதையே கேட்டார்.

"முடிச்சிட்டா சார்" என்றார் அய்யா. "பி.ஏ."

எனக்குக் கண்ணீர் பொங்கி வந்தது. அது துக்கத்தில் வந்ததல்ல.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். அம்மா கையெழுத்துப் போட்ட மகளிர் குழுக் கடனில் இரண்டு பெண்கள் கட்டாமல் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார்கள். சிபில் ஸ்கோர் இடிக்கிறது என்று மேனேஜர் வருத்தத்தோடு சொன்னார். அய்யா உப்பளக் குத்தகைக்காரரிடம் முன்பணம் வாங்கினார். அது கழிகிற வரைக்கும் வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது. கூலியில் பாதி பிடித்தம். உப்பு விளையாத மழைக்காலத்தில்கூட அவர் வரப்பு கட்டப் போனார். தங்கை கல்லூரியில் சேர்ந்தாள்.

கவுன்சிலிங்கில் சொன்ன கட்டணம் வாசல்படி மட்டும்தான். உள்ளே போன பிறகு பஸ்ஸுக்குத் தனி, லேபுக்குத் தனி, யூனிஃபார்முக்குத் தனி, வேலைக்குத் தயார் செய்ய ஒரு பயிற்சியாம், அதற்கும் தனி. என் சம்பளமும் அதில்தான் போயிற்று. குரூப் டூவில் முதல்நிலையில் தேறி, முதன்மைத் தேர்வில் தோற்றேன். இந்தத் தடவை நிஜமாகவே. இரண்டாம் வருடப் பணம் கட்டாததால் தங்கைக்கு ஹால் டிக்கெட் தரவில்லை. பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வீட்டுக்கு வந்தாள். லீவு நீண்டுகொண்டே போனது. அய்யா ஒருநாளும் அவளிடம் கேட்கவில்லை.

கடைசியில் அவளே, நான் படித்த அரசுக் கல்லூரியில் கணக்குப் படிக்கிறேன் என்றாள். அதற்கு டி.சி. வேண்டும். அவளுடைய டி.சி.யும் மார்க் ஷீட்டும் இன்ஜினியரிங் கல்லூரி பீரோவில் இருந்தன. வாங்க மூவரும் போனோம். நாலு வருடத்துக்கான சீட் அவளால் காலியாகிவிட்டதாம். மீதி வருடங்களுக்கும் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம் என்று அங்கே இருந்தவர் நிதானமாகச் சொன்னார். படிக்காத வருடங்களுக்கா என்று கேட்டேன். ஆமாம்மா, ரூல்ஸ் என்றார். அய்யா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கைகட்டி நின்றார். அந்த ஆபீஸில் அவரைத் தவிர எல்லோரும் செருப்புப் போட்டிருந்தார்கள்.

வெறுங்கையோடு ராமநாதபுரம் வந்து எங்கள் ஊர் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று கண்டக்டர் எங்கள் இருவருக்கும் இலவச டிக்கெட் கிழித்தார். அய்யா மட்டும் காசு கொடுத்தார். பஸ்ஸில் கருவாட்டுக் கூடைகள், வேர்வை, யாருடைய போனிலோ பாட்டு. மறுநாளிலிருந்து தானும் உப்பளத்துக்குப் போவதாகத் தங்கை சொன்னாள். இரண்டு பேராகப் போனால் முன்பணம் சீக்கிரம் கழியும் என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவள் நிறுத்தினாள்.

"அய்யா ஒனக்காக அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னாருல்லக்கா? அந்த வார்த்தைக்கு நாந்தான் ஃபீஸ் கட்டிக்கிட்டிருக்கேன்."

அய்யா எங்களுக்கு முன் சீட்டில்தான் இருந்தார். அவர் காதில் விழாமல் இருக்காது. திரும்பவில்லை.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் இப்போது வெள்ளாப்பிலேயே எழுந்து அய்யாவோடு உப்பளத்துக்குப் போகிறாள். கால் விரல் இடுக்கெல்லாம் புண். நான்தான் மருந்து போட்டுவிடுகிறேன். அப்படிப் போட்டுவிடும்போதுகூட, அன்றைக்கு அய்யா அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நினைக்க முயன்று பார்க்கிறேன். என்னால் முடியவில்லை.