அலமாரிக்குள் வெந்த ஆம்ப்ளிஃபயர்கள்

ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைத்துவிட்டு, "இது ஏங்க இப்படிச் சுடுது?" என்று கேட்கிறவர்கள் இருக்கும்வரை எங்கள் தொழிலுக்குக் குறைவில்லை.

ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. அலமாரிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைச் சத்தமில்லாமல் குளிர வைப்பதுதான் வேலை. கீழே காற்று நுழைய ஒரு வழி, மேலே சூடு வெளியேற ஒரு வழி, அங்கே மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய ஃபேன். மரவேலைக்கு ரஹீம் பாய். பழைய நகரத்துக்காரர்; என்னோடு சேர்ந்து தமிழும் தக்கனி உருதுவும் கலந்த ஒரு பாஷை பேசுவார். மே மாதத்தில் நல்ல பாட்டு பாதியில் நின்றுபோய், பெட்டியை முறைத்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சிதான்.

திறந்தால் தூசி, மூடினால் சூடு

சுந்தரேசன் சார் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் நாதஸ்வரம் கேட்க வேண்டும். தவில்காரர் சூடு பிடிக்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயரும் சூடு பிடித்துத் தானாக நின்றுவிடும். அதனால் அவர் அலமாரிக் கதவைத் திறந்து வைப்பார். அந்தப் பக்கம் போகிற அவர் மனைவி தூசி விழும் என்று சாத்திவிட்டுப் போவார். இவர் எழுந்து திறப்பார். அவர் திரும்பி வந்து சாத்துவார். இத்தனைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே மாட்டார்கள். கதவுதான் பேசும்.

அடிப்பலகையில் வெளியே தெரியாமல் நீளமாக ஒரு சந்து வெட்டி, பின்பக்கம் மேலே ஃபேன் மாட்டினோம். கதவை மூடியபடியே கச்சேரி கடைசிவரை ஓடியது. காபி கொண்டுவந்த அந்த அம்மா அலமாரியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இவரும் எதுக்கெடுத்தாலும் சூடாயிடுவாரு. இவருக்கு மாட்டுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

பூனைக்கு ஒரு மாடி வீடு

கொண்டாப்பூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் முருகனுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அவர் வீட்டு ஆம்ப்ளிஃபயர் கதவே இல்லாத திறந்த தட்டில் இருந்தது. ஆனாலும் அடிக்கடி நின்றது. எனக்கும் பிடிபடவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைப் பூனை நிதானமாக நடந்து வந்து, ஆம்ப்ளிஃபயர் மேல் ஏறி, சூடு வெளியேறும் ஓட்டைகளை மொத்தமாக மூடிக்கொண்டு படுத்தது. ஜனவரிக் குளிர், டைல்ஸ் தரை. அது மட்டும் என்ன செய்யும்?

"இதை பால்கனிக்கு மாத்திட வேண்டியதுதான்" என்றார் முருகன். உடனே அவர் மகள் மீராவுக்கு அழுகை வந்துவிட்டது. தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும் பெண். பூனைக்குக் குளிருமாம். அதற்காகவே ரஹீம் பாய் வேலைத் திட்டத்தை மாற்றினார். தட்டுக்குக் கதவு போட்டு, சூடான காற்று மேல்தட்டின் சந்து வழியாகப் போகும்படி ஒரு ஃபேன் மாட்டி, அங்கே பூனையின் கூடையை வைத்தார். பூனை மோந்து பார்த்துவிட்டுக் குடிபுகுந்தது. சில நாள் கழித்து முருகன் ஃபோன் செய்தார். வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியவில்லையாம், மகள் பாட்டை நிறுத்தவே விடுவதில்லையாம். பின்னால் மீராவின் குரல் எனக்கே கேட்டது: "நானா, பாட்டு பெட்டு! பில்லிகி சலி வேஸ்துந்தி!" அப்பா, பாட்டுப் போடு, பூனைக்குக் குளிருதாம்.

அணைந்த விளக்கு

பாலாநகரில் புது வீடு வாங்கி, எங்களிடம் அலமாரிக்கு ஃபேன் மாட்டிக்கொண்ட கவிதா ஒருநாள் பதற்றமாகக் கூப்பிட்டார். "அண்ணா, பாட்டு போட்டா சாமி விளக்கு அணையுது."

சினிமாப் பாட்டு சாமிக்கு ஆகவில்லை என்று முதலில் மாமியார் அதைத் தடை செய்திருக்கிறார். சரியென்று பக்திப் பாடல் போட்டால், கொஞ்ச நேரத்தில் அதற்கும் விளக்கு அணைந்தது. மாமியார் மிரண்டுவிட்டார். வீடே சரியில்லை, விற்றுவிட்டுப் போகலாம் என்று மகனிடம் அழுதிருக்கிறார். ஆசையாக வாங்கிய வீட்டில் கவிதா சரியாகச் சாப்பிட்டே பல நாளாகியிருந்தது.

ரஹீம் பாய் ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து, சாமி மாடத்துக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். பாட்டைப் போட்டோம். புகை நேராகத்தான் போனது. ஆம்ப்ளிஃபயர் சூடேறி ஃபேன் தானாக ஓடத் தொடங்கியதும், புகை அப்படியே படுத்துக்கொண்டது. அலமாரிக்கும் சாமி மாடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் சூடு வெளியேற நாங்கள் வைத்த ஓட்டை. இந்தப் பக்கம் சாமிக்குப் பின்னால் வெறும் ஓட்டை ஓட்டையான மர ஜாலி. அந்த ஓட்டையை அடைத்து, காற்றைப் பக்கச் சுவருக்குத் திருப்பினோம். மறுபடி ஏற்றிய விளக்கு ஆடாமல் நின்றது.

"டரோ நக்கோ அம்மா, பயப்படாதீங்க, சாமிக்குக் கோபம் இல்ல. எங்க ஃபேன்தான் ஊதிருச்சு" என்றார் ரஹீம் பாய். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்: "கவிதா, அன்னைக்கு நிறுத்தச் சொன்னேனே, அந்த சினிமாப் பாட்டையே போடு. மீதி எப்படிப் போகும்னு எனக்கும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு."

உள்ளே யாரோ

மாத்யூஸ் சார் செகந்திராபாத்தில் தனியாக இருக்கிறார். நாகர்கோவில்காரர், தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர், பார்வை கிடையாது. அவர் அலமாரியில் ரெண்டு ஃபேன் மாட்டிவிட்டு, "சத்தமே இல்ல சார்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையை உயர்த்தினார். "இடது பக்கம் ஒண்ணு முனகுது."

காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. ரஹீம் பாய் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஃபேன் சட்டத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துப் பார்த்து, "ஹவ் பாய், ஆமா, இருக்கு" என்றார். இடது ஃபேனில் ஒரு திருகுக்கு ரப்பர் வளையம் போட விட்டுப்போயிருந்தது. போட்டு இறுக்கினோம். மாத்யூஸ் சார் பாட்டே போடாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்: "ம், போயிட்டான். இப்பத்தான் வீட்டுல நான் மட்டும் இருக்கேன்."

நாங்கள் ஒழுங்காக வேலை செய்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு சத்தமும் வராது. எங்கள் ஃபோன் ஓயாமல் அடிக்கிறது என்பதையும் நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.