அப்பாவைத் திருத்திய தண்டனை

எங்கள் அப்பா பகலில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். வேலை முடிந்ததும் ஆற்றோரப் புதருக்குள் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுவார். இரண்டிலுமே கெட்டிக்காரர். போலீஸ் தேடி வந்தது இரண்டாவதற்குத்தான்.

முதல் தடவை பிடிபட்டபோது ஹட்டன் கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். அதைக் கட்ட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அடுத்த வாரமே அடுப்பை மூட்டினார். அரசாங்கத்துக்காக அவ்வளவு விசுவாசமாக உழைத்த மனிதரை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை கண்டி ஜெயிலில் போட்டார்கள். அங்கே நாலு ஊர்க் காய்ச்சுகிறவர்களும் ஒரே அறையில் இருந்தார்களாம். திரும்பி வந்த பிறகு சரக்கு முன்னைவிடத் தெளிவாக இருக்கிறதென்று தொழிலாளர் குடியிருப்பான லயமே மெச்சியது. அம்மா மெச்சவில்லை. இன்னொரு தடவை பிடிபட்டால் பத்துச்சீட்டுத்தான் என்று தோட்டத்துத் துரை சொல்லி அனுப்பியிருந்தார். வேலையும் போகும், லயத்து அறையையும் காலி பண்ண வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்களென்று எங்களைப் பிரஜைகளாக ஏற்க யோசித்த நாடு, அப்பாவைக் குற்றவாளியாக மட்டும் உடனே ஏற்றுக்கொண்டிருந்தது. போக வேறு இடமில்லை.

மூன்றாவது தண்டனையைக் கோயில் தலைவர் கொடுத்தார். மாசி மாதக் காமன் கூத்தில் வருஷா வருஷம் அப்பாதான் மன்மதன்.

"இந்த வருசம் வேசம் ஒனக்கு இல்லப்பா. ஜெயிலுக்குப் போனவன் காப்புக் கட்டக் கூடாது."

கூத்தன்றைக்கு அப்பாவும் போனார். வேறொருவன் அடி தவறி ஆடியதைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளே காய்ச்சும் பானையை உடைத்துப் போட்டார். அந்த வருஷம் முழுக்க, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வேலை செய்யும் மலை, வீடு தவிர அவர் எங்கேயும் போகவில்லை. சாயங்காலத்தில் அம்மாவோடு உட்கார்ந்து கதை பேசினார். எங்கள் வீட்டில் அது புதிது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த மாசி பிறந்ததும் தலைவரே வீடு தேடி வந்தார்.

"வேசம் இனி ஒனக்குத்தான். போன வருசம் கூத்து சப்புன்னு போச்சு. ஆனா ஒண்ணு," என்று குரலைத் தாழ்த்தினார். "ஆட்டம் பாக்க வர்றவங்க குளிருக்கு ஒண்ணுமில்லாம நடுங்குறாங்க. ஒரு நாலு போத்தல் மட்டும், ஒன் கையால."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வேஷத்துக்கா, அடுப்புக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா தேத்தண்ணியைத் தலைவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க தள்ளி வச்சதாலதான் ஒரு வருசம் இந்த மனுசன் எனக்கு வீட்டுல இருந்தாரு," என்றாள். "இன்னொரு வருசம் தள்ளி வைங்களேன், தலைவரே."